இருங்காட்டுக்கோட்டை ஸ்க்ரூட்டினி (பந்தயத்துக்கு முந்தைய பைக் சோதனை): 165 சிசி பைக்கை முதல் தடவையிலேயே பாஸ் பண்ண வைக்க என்னென்ன செய்யணும்?

#1 · முதல்_கிரிட்

யமஹா ஆர்15 ஒண்ணை நாவிஸ் (புதுசா ஓட்டுறவங்களுக்கான) ஸ்டாக் 165 சிசி வகுப்புக்குத் தயார் பண்ணிட்டிருக்கோம். மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் ரவுண்டு. மிரர், இண்டிகேட்டர், ஹெட்லைட், சைடு ஸ்டாண்டு, சாரி கார்டு, நம்பர் பிளேட் எல்லாம் கழட்டியாச்சு. விதிகளையும் படிச்சாச்சு. ஆனா எண்ணெய் போல்ட்டுகளுக்கு வயர் (போல்ட் கழன்று வராம பிடிக்கிற கம்பி) போடணும்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடறாங்க. எந்தெந்த போல்ட், ஓட்டை எப்படிப் போடுறது, கூலன்ட்டை எப்படி முழுசா எடுக்கிறது, பெல்லி பேன் (எஞ்சினுக்கு அடியில சிந்துறதை ஏந்துற லோயர் ஃபேரிங்) எவ்வளவு பிடிக்கணும், ஸ்க்ரூட்டினியர் எதையெல்லாம் கையால ஆட்டிப் பார்ப்பார்? தெரிஞ்ச அண்ணன்மார் விவரமா சொல்லுங்க.

#2 · பேடாக்_ஸ்டாண்டு

தம்பி, ஒவ்வொரு விதியும் எதுக்குன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க, பட்டியல் தானா மனசுல நிக்கும். ட்ராக்ல எதுவும் சிந்தக் கூடாது. எதுவும் கழன்று விழக் கூடாது. பைக்கே விழுந்தா அதுல இருக்கிற எதுவும் ஆளைக் குத்தவோ கிழிக்கவோ கூடாது. ஸ்க்ரூட்டினியர் பார்க்கிறது இவ்வளவுதான். நேர்கோட்டில் ஒருத்தர் விட்ட எண்ணெய், பின்னாடி வர்ற இருபது பேரை அடுத்த வளைவுல படுக்க வைக்கும். அதனாலதான் எண்ணெய் விஷயத்துல மட்டும் யாரும் தயவு காட்ட மாட்டாங்க.

வயர் போட வேண்டியவை: டிரெயின் போல்ட், எண்ணெய் ஊற்றும் மூடி, ஆயில் ஃபில்டர் கவர் போல்ட்டுகள், எண்ணெய் அறைக்குள் போற வேற எந்த வெளி போல்ட்டா இருந்தாலும் அதுவும். ஆயில் கூலர் வகுப்பில் அனுமதி இருந்து போட்டிருந்தா அதோட பேஞ்ஜோ போல்ட்டும் (எண்ணெய்க் குழாயை இணைக்கிற, நடுவுல துளை உள்ள போல்ட்). ஆர்15ல ஃபில்டர் உள்ளே உட்கார்ற காகித வகை. அதனால கவர் போல்ட்டுகளுக்குத்தான் வயர். ஆர்3, நின்ஜா 400 மாதிரி வெளியில திருகுற ஃபில்டர்னா சுற்றி ஒரு ஹோஸ் கிளிப்பை இறுக்கி, அந்தக் கிளிப்பிலிருந்து வயர் இழுக்கணும். கிளிப்போட திருகு கிரவுண்டைப் பார்த்து இருக்கக் கூடாது, பைக் விழுந்தா அதுதான் முதல்ல தேயும்.

எண்ணெய் தவிர, கூலன்ட் டிரெயின் போல்ட், முன் பின் காலிப்பர் போல்ட்டுகள். ஆக்ஸில் நட்டுக்கு வயரோ ஸ்ப்ளிட் பின்னோ.

எண்ணெய் மூடியைத்தான் நிறைய பேர் கோட்டை விடுவாங்க. ஆர்15ல அது பிளாஸ்டிக். நடுவுல இருக்கிற மேடான பிடியில ஓரத்திலிருந்து 3 மி.மீ.யாவது உள்ளே தள்ளி ஓட்டை போடுங்க. விளிம்புல போட்டா வயர் இறுகும்போதே கிழிச்சிட்டு வந்துடும்.

#3 · லேத்துப்பட்டறை

ஓட்டை போடுறதைப் பத்தி நான் எழுதறேன்.

வயர் 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் லாக் வயர். ஓட்டை 1.5 மி.மீ. கோபால்ட் டிரில் பிட் அஞ்சாறு வாங்கி வச்சுக்கோங்க, ரெண்டு மூணு உடையும். கை டிரில் வேண்டாம். கை கொஞ்சம் ஆடினாலும் 1.5 பிட் டப்புன்னு போயிடும். பெஞ்ச் டிரில் இருக்கிற பட்டறைக்குப் போங்க. போல்ட்டை வைஸில் பிடிக்கும்போது மரை நசுங்காம ரெண்டு நட்டுக்கு நடுவுல பூட்டிப் பிடிங்க. சென்டர் பஞ்ச்சால ஒரு சின்னக் குழி வச்சிட்டுத்தான் பிட்டை இறக்கணும், இல்லன்னா வழுக்கிட்டு ஓடும்.

மெதுவா ஓட்டணும்னு எல்லாரும் சொல்வாங்க. 10 மி.மீ. பிட்டுக்கு அது சரி. 1.5க்குக் கணக்கு வேற. சாதா ஸ்டீல் போல்ட்டுக்கு நிமிடத்துக்கு 20 மீட்டர் வெட்டு வேகம்னு வச்சா சுமார் 4,200 சுற்று வருது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு அதில் பாதி. மெதுவா இருக்க வேண்டியது கை அழுத்தம்தான். ஒரு மி.மீ. இறக்கு, வெளியே எடு, துகளை ஊது, ஒரு சொட்டு கட்டிங் ஆயில், மறுபடி இறக்கு. பிட் பெரும்பாலும் உடையறது மறுபக்கம் வெளியே வர்ற அந்தக் கடைசி அரை மி.மீ.லதான். அங்க அழுத்தத்தை முக்கால்வாசி குறைச்சிடணும்.

எம்6 அறுகோணத் தலைக்கு, ஒரு பக்கத்திலிருந்து நேர் எதிர்ப் பக்கத்துக்கு ஓட்டை. டிரெயின் போல்ட்டுக்கு ஒரு ஓட்டையோட நிறுத்தாதீங்க. மூணு ஜோடிப் பக்கத்துக்கும், ஒண்ணு மேல ஒண்ணு மோதாம கொஞ்சம் உயரம் மாத்தி, மூணு போடுங்க. சரியான டார்க்குல இறுக்கின பிறகு ஏதோ ஒரு ஓட்டை வசதியான கோணத்துல நிக்கும். ஒரே ஓட்டை இருந்தா, அது நேரா வரணும்னு போல்ட்டைத் தளர்த்தவோ கூட இறுக்கவோ தோணும். ரெண்டும் தப்பு.

#4 · முதல்_கிரிட்

நன்றிண்ணா. கட்டடத்துக்குக் கம்பி கட்டுற பைண்டிங் வயர் வீட்ல நிறைய இருக்கு, அது ஆகுமா? வயரை எந்தப் பக்கம் இழுக்கணும்?

#5 · லேத்துப்பட்டறை

பைண்டிங் வயர் ஆகாது. துருப்பிடிக்கும், எஞ்சின் அதிர்வுல முறுக்கின இடத்துலயே ஒடியும். செம்புக் கம்பியும் வேண்டாம், அது நீளும். பாரிமுனை ஹார்டுவேர் கடைகள்ல 0.8 ஸ்டெயின்லெஸ் சுருளாவே கிடைக்கும். மென்மையா வளையற ரகமா கேளுங்க. ஸ்பிரிங் கம்பி மாதிரி விறைப்பா இருந்தா முறுக்கவே வராது.

இப்ப திசை. வலது மரை போல்ட் கழல்றது இடப்பக்கமா. அதனால தலையை விட்டு வெளியே வர்ற வயர், போல்ட்டை வலப்பக்கமா, அதாவது இறுக்குற பக்கமா இழுத்துப் பிடிக்கணும். போல்ட் தலையை நேரா பாருங்க. நங்கூரம் (வயரோட மறுமுனையைக் கட்டுற இடம்) உங்களுக்கு வலது பக்கம் இருந்தா, வயர் தலையோட மேல் விளிம்பைத் தழுவி வலது பக்கம் போகணும். கீழ் விளிம்பைத் தழுவிப் போனா அது கழட்டுற திசை. அந்த வயர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

செய்முறை: ஒரு முனையை ஓட்டைக்குள்ள விட்டு, இன்னொரு முனையைத் தலையைச் சுற்றிக் கொண்டு வந்து ரெண்டையும் சேர்த்து வயர் பிளையரால முறுக்குங்க. 25 மி.மீ. நீளத்துக்கு 6 முதல் 8 சுற்று. இதுக்கு மேல போனா கம்பி இறுகிப் போய் விரலால தட்டினாலே ஒடியற நிலைக்கு வந்துடும். குறைஞ்சா தொளதொளன்னு ஆடும். நங்கூரத்துல கோர்த்து, அந்தப் பக்கமும் நாலஞ்சு சுற்று முறுக்கி, மிச்சத்தை வெட்டிட்டு வால் முனையை உள்பக்கமா மடிச்சு விடுங்க. நீட்டிட்டு நின்னா ஸ்க்ரூட்டினியர் தடவிப் பார்க்கும்போது விரலைக் கிழிக்கும். பிளையர் பல் பதிஞ்ச கம்பியை அப்படியே தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடுங்க. ஒரு தடவை அவிழ்த்த வயரை மறுபடி போடவே கூடாது.

நங்கூரமா எஞ்சின் கேஸ்ல ஓட்டை உள்ள ஒரு காது, ஃபின், இல்ல வேற ஒரு போல்ட்டுக்கு அடியில போட்ட சின்னத் தகடு எடுத்துக்கலாம். சைலன்சர் பைப், பிரேக் ஹோஸ், ஃபேரிங் தகடு கூடாது. ரெண்டு போல்ட்டை ஒண்ணோட ஒண்ணு கட்டுறதா இருந்தா, ரெண்டையுமே இறுக்குற மாதிரி வயர் எஸ் வடிவத்துல போகணும். காலிப்பர் போல்ட்டுகளுக்கு இதுதான் வழி. கட்டி முடிச்சதும் சக்கரத்தைச் சுத்தி விட்டு வயர் டிஸ்க்கிலயோ ரிம்மிலயோ உரசலைன்னு பாருங்க.

#6 · மதுரை_ரெவ்

வயர் போல்ட்டை இறுக்குறதுக்கு இல்ல, இதையும் சேர்த்துச் சொல்லிடறேன். இறுக்கம் டார்க் ரெஞ்சுல வரணும். வயர், தளர்ந்த போல்ட் வெளியே வந்துடாம பிடிக்கிற கயிறு மட்டும். டிரெயின் வாஷரை ஒவ்வொரு தடவையும் புதுசா போடுங்க. பழசு நசுங்கியிருந்தா வயர் அழகா இருக்கும், எண்ணெய் சொட்டிட்டே இருக்கும்.

வயர் போட இடமே இல்லாத சின்ன போல்ட்டுக்கு மேல சிலிக்கான் பசை வச்சாலும் விட்டுடறாங்களே?

#7 · பேடாக்_ஸ்டாண்டு

ட்ராக் டேல விடலாம். பந்தயத்துல அதை நம்பிப் போகாதீங்க. பசை சூட்டிலயும் எண்ணெயிலயும் உரிஞ்சு வந்துடும். போல்ட் திரும்பியிருக்கான்னு கண்டுபிடிக்க பெயின்ட் மார்க்கரால ஒரு கோடு போடலாம். ஆனா அது வயருக்குக் கூடுதலா போடுறது, வயருக்குப் பதிலா இல்ல.

#8 · கொங்கு_த்ராட்டில்

கூலன்ட் விஷயத்துக்கு வர்றேனுங்க.

பச்சையோ நீலமோ, கம்பெனி கூலன்ட் எல்லாமே கிளைக்கால் கலந்ததுங்க. ரோட்டில் சிந்தினா ஆவியாகாது, சோப்புத் தண்ணி மாதிரி வழுக்கும், கழுவினாலும் லேசுல போகாது. அதனால பந்தயத்துக்கு வெறும் தண்ணிதான். எஃப்.ஐ.எம். (சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பு) விதியில தண்ணி, இல்லன்னா தண்ணியோட எத்தில் ஆல்கஹால். இவ்வளவுதான் அனுமதி. கிளைக்கால் இல்லாத வெட்டர் (தண்ணி சூட்டை நல்லா எடுக்கச் சேர்க்கிற திரவம்) சேர்க்கணும்னா உங்க போட்டி விதியில பேர் இருக்கான்னு பார்த்துட்டுச் சேருங்க.

ஒரு தடவை வடிச்சா போதாது. எஞ்சின் நல்லா ஆறின பிறகு வடிச்சிட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க. தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டர் ஃபேன் ஓடுற வரைக்கும் ஸ்டார்ட்ல விடுங்க. தெர்மோஸ்டாட் திறக்காம எஞ்சினுக்குள்ள நிக்கிற பழைய கூலன்ட் வெளியே வராது. மறுபடி ஆற விட்டு வடியுங்க. இப்படி மூணு சுற்று. வடியற தண்ணியை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சுத் தேய்ச்சுப் பாருங்க. வழுவழுப்பு இருந்தா நாலாவது சுற்று. நெறைய பேர் ரேடியேட்டரைச் சுத்தம் பண்ணிட்டு ரிசர்வ் டாங்க்கை மறந்துடுவாங்க. அதுல நிக்கிற கால் கிளாஸ் பச்சைத் தண்ணி, எஞ்சின் ஆறும்போது உள்ளே இழுத்துட்டுப் போய் எல்லாத்தையும் பச்சையாக்கிடும். ஸ்க்ரூட்டினியர் டார்ச் அடிச்சுப் பார்க்கிறதும் அந்த டாங்க்கைத்தான்.

தண்ணி மட்டும் ஊத்தினா கொதிக்காதான்னு கேப்பாங்க. 1.1 பார் ரேடியேட்டர் மூடி சரியா அழுத்தம் பிடிச்சா தண்ணி 120 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். மூடியோட ரப்பர் வெடிச்சிருந்தா அந்தக் கணக்கு பொய்யாயிடும், மூடியைப் புதுசு மாத்திடுங்க. பந்தயம் முடிஞ்சு வண்டி மாசக்கணக்கா நிக்கப் போகுதுன்னா திரும்பக் கூலன்ட் ஊத்திடுங்க. வெறும் தண்ணி அலுமினியத்தை அரிச்சிடும்.

#9 · சிவப்புக்கொடி

பெல்லி பேன். எஃப்.ஐ.எம். சூப்பர்பைக் வகுப்பு விதியில லோயர் ஃபேரிங் எஞ்சின் எண்ணெயும் கூலன்ட்டும் சேர்ந்த அளவில் பாதியையாவது தாங்கணும், குறைந்தபட்சம் 5 லிட்டர். விளிம்பு அடிமட்டத்திலிருந்து 50 மி.மீ.க்குக் குறையாம எழும்பியிருக்கணும். ஆர்15ல எண்ணெய், தண்ணி ரெண்டும் சேர்ந்தாலும் 2 லிட்டர் வராது. அதனால உங்க வகுப்பு விதியில எழுதியிருக்கிற அளவை முதல்ல எடுங்க. அது 5 லிட்டர்னு இருந்தா 5 லிட்டருக்கே செய்யுங்க.

சோதிக்கிற வழி எளிது. பேனை வண்டியில மாட்டி, பின் ஸ்டாண்டுல நிறுத்தி, அளந்து தண்ணி ஊத்திப் பத்து நிமிஷம் விடுங்க. தரையில ஈரம் தெரிஞ்சா எங்க ஒழுகுதுன்னு பார்த்து உள்பக்கமா ஃபைபர் போட்டு அடைங்க. பெரும்பாலும் ரெண்டு பாதியும் சேர்ற நடுத் தையல்லயும் போல்ட் ஓட்டைகள்லயும்தான் ஒழுகும். சைலன்சர் வளைவு பேனை ஒட்டிப் போற இடத்துல ரெண்டு விரல் இடைவெளி விட்டு, உள்ளே வெப்பத் தடுப்பு அலுமினிய டேப் ஒட்டுங்க. எண்ணெய் நனைஞ்ச ஃபைபர் சூடான பைப்பைத் தொட்டா தீதான்.

மழைக்காக 25 மி.மீ. விட்டத்துல அதிகபட்சம் ரெண்டு ஓட்டை வைக்கலாம். காய்ஞ்ச ட்ராக்ல ரப்பர் அடைப்பு மாட்டியே இருக்கணும். மழைன்னு அறிவிச்ச பிறகுதான் திறக்கணும். மறுநாள் வெயில்ல ஓடும்போது அதைத் திருப்பி அடைக்க மறக்கிறவங்க நிறைய. அடைப்பை நூல்ல கட்டி பேன்லயே தொங்க விடுங்க.

எஞ்சின் பிரீதர் குழாய் (எஞ்சினுக்குள்ள சேர்ற ஆவியை வெளியே விடுறது) ஏர்பாக்ஸுக்குப் போற கம்பெனி அமைப்பைக் கலைக்காதீங்க. ஏர்பாக்ஸுக்கு அடியில இருக்கிற டிரெயின் குழாயை அடைச்சிடுங்க. வகுப்பு அனுமதிச்சு ஏர்பாக்ஸை எடுத்திருந்தா, எஞ்சின் பிரீதருக்கு 500 மி.லி. கேட்ச் கேன் (வெளியே வர்ற எண்ணெயைப் பிடிக்கிற டப்பா), ஒவ்வொரு செஷனுக்கு முன்னாடியும் காலியா இருக்கணும்.

#10 · மதுரை_ரெவ்

கையால ஆட்டிப் பார்க்கிறது எதையெல்லாம்னு கேட்டிருந்தீங்க.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கோட அடிப்பக்கத்தைப் பிடிச்சு முன்னும் பின்னும் இழுப்பார். டக்னு ஒரு சின்னத் தட்டல் கையில தெரிஞ்சா ஸ்டியரிங் பேரிங் தளர்வு. அடுத்து ஹேண்டிலை மெதுவா திருப்புவார். நடுவுல ஒரு பள்ளத்துல உட்கார்ற மாதிரி இருந்தா பேரிங் ரேஸ்ல தடம் விழுந்திருக்கு. அதை இறுக்கி மறைக்க முடியாது, மாத்தணும். சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுவார், பிறகு ஸ்விங்ஆர்மைப் பக்கவாட்டில். இந்த நாலையும் வீட்ல ஒரு ஆள் உதவியோட அஞ்சு நிமிஷத்துல பார்த்துடலாம்.

ஹேண்டிலை முழுசா திருப்பினா, லீவரோட சேர்த்து டாங்க்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல 30 மி.மீ. இடைவெளி வேணும். நடுவிலிருந்து ரெண்டு பக்கமும் குறைஞ்சது 15 டிகிரி திரும்பணும். 30 மி.மீ. மரக்கட்டை ஒண்ணு வெட்டி வச்சு இடது வலது ரெண்டு பக்கமும் வச்சுப் பாருங்க. இடைவெளி பத்தலைன்னா டாங்க்கைத் தட்டாதீங்க, ஸ்டீயரிங் ஸ்டாப்பை (ஹேண்டில் அதுக்கு மேல திரும்பாம நிறுத்துற முட்டு) கூட்டுங்க. கட்டைவிரல் டாங்க்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல நசுங்குறது சின்ன விஷயம் இல்ல. அந்தக் கை த்ராட்டிலை மூட முடியாம போயிடும்.

லீவர் முனை உருண்டை 16 மி.மீ. விட்டம். ஒருமுறை விழுந்து உடைஞ்ச லீவரை அரத்தால ராவிட்டுக் கொண்டு வந்தா அங்கேயே நிறுத்திடுவாங்க. ஹேண்டில் குழாயோட முனைகள் அடைச்சிருக்கணும். முன் பிரேக் லீவருக்கு கார்டு போடுங்க. நெருக்கத்துல பக்கத்து வண்டி லீவரைத் தட்டி முன் சக்கரம் பூட்டிக்கிறதைத் தடுக்கத்தான் அது. ஃபுட்ரெஸ்ட் மடங்காத வகைன்னா முனை 8 மி.மீ. ஆரத்துல உருண்டிருக்கணும்.

#11 · கொங்கு_த்ராட்டில்

செயினைச் சேர்த்துக்கோங்க. கீழ் ஓட்டமும் பின் ஸ்பிராக்கெட்டும் சேர்ற இடத்துல கை, கால் போகாம தடுக்க சுறா துடுப்பு மாதிரி ஒரு கார்டு, ஸ்விங்ஆர்ம்ல ரெண்டு போல்ட்டுல பிடிக்கணும். ஒரே போல்ட்டுன்னா சுத்திக்கிட்டு செயினுக்குள்ளயே போயிடுமுங்க. விளிம்பு மழுங்கியிருக்கணும். செயின் லிங்க் கிளிப் வகைன்னா கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பார்த்து இருக்கணும், மேல வயர் ஒரு சுற்று.

சக்கரத்துல ஒட்டியிருக்கிற பேலன்ஸ் எடைகளுக்கு மேல டேப் ஒட்டுங்க. வால்வுக்கு ரப்பர் வளையம் உள்ள உலோக மூடி போடுங்க, பிளாஸ்டிக் மூடி வேண்டாம்.

#12 · சிவப்புக்கொடி

பைக் பாஸ் ஆகி உடுப்புல ஃபெயில் ஆகிறவங்களும் உண்டு. ஹெல்மெட் தாடைப் பட்டையில தச்சிருக்கிற வெள்ளைத் துணியைப் பாருங்க. வட்டத்துக்குள்ள ஈ எழுத்தும் நாட்டு எண்ணும் இருக்கும். பக்கத்துல ஒப்புதல் எண் 06ல ஆரம்பிச்சா ஈ.சி.ஈ. 22.06, 05ல ஆரம்பிச்சா பழைய 22.05. அதைத் தொடர்ந்து வர்ற பி எழுத்து, தாடைப் பகுதி பாதுகாப்புச் சோதனையில தேறினதுன்னு அர்த்தம். உங்க போட்டி எந்தத் தரத்தை ஏத்துக்குதுன்னு துணை விதியில பார்த்துட்டு வாங்குங்க. பட்டை டபுள் டி வளையமா இருக்கட்டும். கேமரா ஒட்டின ஹெல்மெட்டோட போகாதீங்க. முதுகுக் காப்புல இ.என். 1621-2, நெஞ்சுக் காப்புல 1621-3 அச்சிட்டிருக்கும். லேபிளைக் கிழிச்சுட்டா நிரூபிக்க வழி இல்ல. கையுறை ரேஸ் சூட்டோட கைமேல ஏறி மூடணும், மணிக்கட்டு வெளியே தெரியக் கூடாது.

#13 · பேடாக்_ஸ்டாண்டு

வண்டியைக் கழுவித் துடைச்சுக் கொண்டு போங்க. எண்ணெய் படிஞ்ச எஞ்சின்ல பழைய கசிவா புதுசான்னு யாராலயும் சொல்ல முடியாது. அப்ப 'பாஸ் இல்லை'ன்னுதான் பதில் வரும். லோயர் ஃபேரிங்கைக் கழட்டிக் கையில எடுத்துட்டுப் போங்க, வயர் தெரியணும். ஹெல்மெட், சூட், கையுறை, பூட்ஸ், லைசென்ஸ், டெக்னிக்கல் கார்டு எல்லாம் ஒரே நேரத்துல. டிரான்ஸ்பாண்டரை (லேப் நேரம் பதியற கருவி) ஃபோர்க் பக்கத்துல, உலோகமோ கார்பனோ மறைக்காத இடத்துல மாட்டுங்க.

கில் சுவிட்ச்சை ஸ்டார்ட்ல வச்சு அழுத்திக் காட்டச் சொல்வாங்க. த்ராட்டிலை முழுசா திறந்து விட்டா தானா மூடணும், அதுவும் ஹேண்டில் நேராவும், இடது வலது கடைசியிலயும். பயிற்சி ஓட்டத்துல விழுந்தா திரும்பவும் ஸ்க்ரூட்டினிக்குக் காட்டாம கிரிட்டுக்குப் போகக் கூடாது.

வெள்ளிக்கிழமை பேடாக்ல உட்கார்ந்து டிரில் பண்றது வேண்டாம். ஒரு வாரம் முன்னாடியே எல்லா வயரையும் போட்டு, அரை மணி நேரம் ஓட்டிட்டு, மறுபடி ஒவ்வொண்ணா பாருங்க.

#14 · முதல்_கிரிட்

சொன்னபடி சோதிச்சோம். மரக்கட்டை ரெண்டு பக்கமும் போகுது. கூலன்ட் மூணாவது சுற்றுல சுத்தம். ஒரே பிரச்சினை: ஐடில்ல வச்சு ஹேண்டிலை முழுசா இடப்பக்கம் திருப்பினா ஆர்.பி.எம். ஏறுது. நேராக்கினா இறங்குது. ஃபேரிங் பிராக்கெட்டை மாத்தினதுக்கு அப்புறம்தான் இப்படி.

#15 · லேத்துப்பட்டறை

த்ராட்டில் கேபிளோட வெளி உறை எங்கேயோ மாட்டி இழுக்குது. ஐடில் திருகைத் தொடாதீங்க, அது நோயை மறைக்கும். டாங்க்கைத் தூக்கி, ஒருத்தர் ஹேண்டிலை மெதுவா இடப்பக்கம் திருப்ப, இன்னொருத்தர் கேபிளை மட்டும் பாருங்க. ஸ்டியரிங் ஹெட்டைச் சுற்றி வர்ற வளைவு நிமிர்ந்து விறைக்கிற இடம் தெரியும். புது பிராக்கெட்டுக்கு வெளிப்பக்கமா போயிருந்தா உள்பக்கமா எடுங்க. அங்க டை ராப் போட்டிருந்தா வெட்டி எறிங்க. கேபிள் அந்த இடத்துல வழுக்கி நகரணும், கட்டிப் போடக் கூடாது. பிறகு கைப்பிடியில 3 முதல் 5 மி.மீ. சும்மா சுழற்சி விட்டுப் பூட்டு நட்டை இறுக்குங்க. அதே அளவு சுழற்சி இடக் கடைசியிலயும் வலக் கடைசியிலயும் மாறாம இருக்கணும்.

#16 · முதல்_கிரிட்

பிராக்கெட்டுக்கு வெளியிலதான் போயிருந்துச்சு, டை ராப்பும் இருந்துச்சு. உள்ளே எடுத்தாச்சு. இப்ப மூணு நிலையிலயும் 4 மி.மீ., ஐடில் அசையல. டாங்க்கை மாட்டிட்டு இன்னொரு தடவை பார்க்கப் போறோம்.